விடை சரி, வழி எப்படி? கணக்கு வகுப்பில் முறைசாரா மதிப்பீடு

ஏழாம் வகுப்புக்குத் தசம எண்கள் நடத்திக்கொண்டிருந்தேன். 0.6, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். “0.6 மிஸ்!” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது மிஸ்!” அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். என்னவோ தோன்றி, எல்லோரும் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். கேள்வி இதுதான்: 0.35, 0.4 இரண்டில் எது பெரியது?

பாதிக்கும் மேற்பட்ட நோட்டுகளில் 0.35 இருந்தது. “35 பெரிசு, 4 சின்னது மிஸ்.” முதல் கேள்விக்கு அவர்கள் புள்ளியைப் பார்க்கவே தேவை இருக்கவில்லை. 6, 4-ஐவிடப் பெரியது என்பது ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்த விஷயம். அதைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, 0.4 என்று எழுதியவர்களுக்காவது புரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். அவர்களில் ஒரு பெண்ணிடம், “எப்படிம்மா கண்டுபிடிச்சே?” என்றேன். “பத்துல ஒரு பங்கு பெரிசு, நூத்துல ஒரு பங்கு சின்னது. 0.35 நூத்துல வருது. அதனால அது சின்னது” என்றாள். கேட்பதற்கு நல்ல விளக்கம். ஆனால் எத்தனை பங்கு என்பதை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. 0.4, 0.73 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் 0.4 என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் இந்தப் பத்து நிமிடத்துக்குள் இருக்கிறது. தவறான விடைக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. சரியான விடைக்குப் பின்னாலும் தவறான யோசனை இருக்கலாம். பாடம் நடக்கும்போதே அந்த யோசனையை வெளியே வரவைத்து, அதற்கேற்ப நம் அடுத்த வார்த்தையை மாற்றிக்கொள்வதற்குப் பெயர்தான் முறைசாரா மதிப்பீடு.

தேர்வு, மதிப்பெண், முன்னேற்ற அட்டை எல்லாம் முறையான மதிப்பீடு. அதற்கு நாள் குறிக்கிறோம், வினாத்தாள் அடிக்கிறோம், திருத்திப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். முறைசாரா மதிப்பீட்டுக்கு இவை எதுவும் கிடையாது. கேள்வி கேட்பது, பதிலைக் காதுகொடுத்துக் கேட்பது, பிள்ளைகள் கணக்குப் போடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது, இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கவனிப்பது, அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சியில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று படித்திருப்போம். கற்பித்தலைச் சீர்செய்ய நடுவிலேயே செய்வது ஒன்று, முடிந்தபின் எவ்வளவு தேறியது என்று பார்ப்பது இன்னொன்று. இந்தப் பிரிவினையை 1967-ல் முன்வைத்தவர் மைக்கேல் ஸ்க்ரிவன். முறைசாரா மதிப்பீடு பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும். ஆனால் இரண்டும் ஒன்றே என்று நினைக்க வேண்டாம். வளரறி மதிப்பீட்டைச் சிறு தேர்வாக, மதிப்பெண் போட்டு, முறைப்படியும் நடத்த முடியும். நம் பள்ளிகளில் அப்படித்தான் நடந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பார்கள். வகுப்பறையில் நாம் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழமொழி அது. கை தூக்கிய ஒரு பிள்ளையைக் கேட்கிறோம், சரியாகச் சொல்கிறது, எல்லோருக்கும் வெந்துவிட்டது என்று இறக்கிவைத்துவிடுகிறோம். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே சூட்டில், ஒரே நேரம் கொதித்தது. நாற்பது பிள்ளைகள் அப்படி வரவில்லை. ஒருத்தி போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தாள். ஒருவனுக்கு நான்காம் வகுப்பில் கற்ற வகுத்தலே இன்னும் நடுங்குகிறது. கை தூக்குகிற பிள்ளை பெரும்பாலும் முன்பே வெந்த சோறு.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு, கணிதக் கல்வி படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு அது. பென்னி என்று அதில் அழைக்கப்படும் பையனுக்கு 12 வயது, ஆறாம் வகுப்பு. அவன் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகப் பாடத்தாள்களைச் செய்து, தேர்வெழுதி, 80 சதவீதம் எடுத்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்ற திட்டம் நடந்தது. பென்னி வேகமாகப் படியேறினான். கணக்கில் நன்றாகத் தேறிவரும் பையன் என்றுதான் ஆசிரியர் நினைத்திருந்தார்.

எர்ல்வாங்கர் அவனுடன் உட்கார்ந்து பேசினார். 2/10-ஐத் தசமத்தில் எழுது என்றால் 1.2 என்றான். 5/10 என்றால் 1.5. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டி, ஒரு புள்ளி வைத்துவிடுவது அவன் விதி. அந்த விதிப்படி 4/11, 11/4 இரண்டுமே 1.5 ஆகிவிடும். அவனுக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. 0.3-ஐயும் 0.4-ஐயும் கூட்டினால் 0.07 என்றான். இரண்டு எண்களிலும் சேர்த்து இரண்டு புள்ளிகள் இருக்கின்றனவாம், அதனால் விடையிலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வர வேண்டுமாம். கணக்கு என்றால் யாரோ எப்போதோ போட்டுவைத்த விதிகளின் மூட்டை, விடைத்தாளில் அச்சடித்த விடையோடு நம் விடையைப் பொருத்துவதுதான் வேலை என்று அவன் நம்பியிருந்தான். இத்தனை ஆண்டுகள், இத்தனை தேர்வுகள். “இதை எப்படிச் செய்தாய்?” என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது, நான் ‘நன்று’ எழுதிக் கொடுத்த நோட்டுகளில் எத்தனை பென்னிகள் இருந்திருப்பார்களோ என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, முதல் கருவி அந்தக் கேள்விதான்: “எப்படிச் செய்தாய்?” அதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் வழக்கமாகத் தப்பு விடைக்கு மட்டும்தான் அப்படிக் கேட்போம். அதனால் ‘எப்படி’ என்று காதில் விழுந்ததுமே பிள்ளை அழிரப்பரைத் தேடும். சரியான விடைக்கும் அதே குரலில், அதே முகத்தோடு கேட்டுப் பழக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் பழகிவிடும். அப்புறம் கேட்காமலேயே, “நான் எப்படிப் போட்டேன்னா மிஸ்...” என்று ஆரம்பிப்பார்கள்.

இன்னொன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, இதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. நாற்பது முகங்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நீளமானது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் நான் பழகினேன்.

எல்லோருடைய விடையும் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும் என்றால் சிலேட்டைவிட நல்ல கருவி இல்லை. மேலை நாடுகளில் சின்ன வெள்ளைப் பலகைகளைக் கொடுத்து இதைச் செய்கிறார்கள். நம் வீடுகளில் பரணில் கிடக்கும் சிலேட்டும் அதே வேலையைச் செய்யும். சிலேட்டு இல்லாவிட்டால் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம். “எழுதுங்க... மறைச்சு வைங்க... ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்குங்க” என்று ஒரே நேரத்தில் தூக்கச் சொல்வது முக்கியம். ஒவ்வொருவராகக் காட்டினால், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் விடையைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் அழித்து எழுதுவார்கள். பத்து விநாடி பார்வையிலேயே வகுப்பின் நிலவரம் தெரிந்துவிடும்.

ஆனால் கருவியைவிடக் கேள்விதான் பெரிது. மோசமான கேள்வியைச் சிலேட்டில் கேட்டாலும் அது மோசமான கேள்விதான். இதை ஒரு கழித்தல் கணக்கால் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்கிறோம். சரியான விடை 25. இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதியிருக்கிறார்கள். முதல் பிள்ளை, “2-ல 7 போகாது, அதனால 7-ல 2 போனா 5. 4-ல 1 போனா 3” என்று செய்திருக்கிறது. எந்த வரிசையில் இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். இரண்டாம் பிள்ளை பத்தைக் கடன் வாங்கி 12-ல் 7 போக 5 என்று சரியாகவே செய்தது. ஆனால் கடன் கொடுத்த 4-ஐ 3 ஆக்க மறந்து, 4-ல் 1 போக 3 என்று எழுதிவிட்டது. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. அதற்குத் தீக்குச்சிக் கட்டும் தனிக்குச்சிகளும் கொடுத்து, கட்டைப் பிரிக்கவைக்க வேண்டும். இரண்டாம் பிள்ளைக்குக் கருத்து ஓரளவு தெரியும், ஒரு படி விட்டுப்போகிறது. இருவருக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, “மறுபடியும் பத்துத் தடவை போடு” என்றால் இருவருக்குமே பயனில்லை.

தப்பு நம் கேள்வியிலும் இருக்கிறது. 42, 17 என்ற எண்களில் இரண்டு பிழைகளும் ஒரே விடையில் வந்து விழுகின்றன. அதற்குப் பதிலாக 52-லிருந்து 18 என்று கேட்டிருந்தால், முதல் பிள்ளை 46 என்று எழுதும், இரண்டாவது 44 என்று எழுதும், சரியான விடை 34. சிலேட்டைப் பார்த்ததுமே யாருக்கு எது சிக்கல் என்று பிரித்துவிடலாம். முதல்நாள் இரவு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, இந்தக் கணக்கை என்னென்ன வழிகளில் தப்பாகப் போடலாம், ஒவ்வொன்றுக்கும் விடை என்ன வரும் என்று நாமே போட்டுப் பார்த்தால் இத்தகைய கேள்விகள் கிடைக்கும். பாடத் திட்டக் குறிப்பேட்டில் வேறு எதை எழுதாவிட்டாலும் இந்த ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள் என்று புதிதாக வரும் ஆசிரியர்களிடம் சொல்வேன்.

தசமத்துக்கும் இதேதான். 0.35, 0.4 என்ற ஒரு ஜோடி போதாது. 0.4, 0.73 என்ற ஜோடியையும் சேர்த்தே கேட்க வேண்டும். புள்ளியைக் கவனிக்காத பிள்ளை முதலாவதில் மாட்டும், இரண்டாவதில் தப்பிக்கும். நூறில் ஒரு பங்கு சின்னது என்பதை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை முதலாவதில் தப்பிக்கும், இரண்டாவதில் மாட்டும். இரண்டிலும் தேறியவரிடம் “எப்படி” என்று கேட்டால் போதும்.

பெரிய வகுப்புகளுக்கும் கேள்விகள் உண்டு. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று எழுதுகிற பிள்ளைக்குச் சமக்குறி என்றால் ‘விடையை இங்கே எழுது’ என்று பொருள். 17 என்று எழுதுகிற பிள்ளை கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் சமம் என்பது பிடிபடாமல் சமன்பாடுகளுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தவறுகளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதும் இதில் சேர்ந்ததுதான். 1/3 + 1/4 = 2/7 என்று எழுதிய பையனிடம் ஏன் என்று கேட்டேன். “மேல மேல கூட்டினேன், கீழ கீழ கூட்டினேன்” என்றான். அது எல்லோரும் சொல்வது. ஏன் அப்படிக் கூட்டலாம் என்று தோன்றியது என்று இன்னும் கொஞ்சம் தோண்டினேன். “மூணு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம், அப்புறம் நாலு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம். மொத்தம் ஏழுல ரெண்டு.” அவன் சொன்னது அவன் உலகத்தில் முழுக்கச் சரி. மேட்ச் கணக்கு அப்படித்தான் சேரும். ஒரே முழுப்பொருளின் பங்குகளைச் சேர்ப்பது வேறு, இரண்டு தனித்தனித் தொகுப்புகளைச் சேர்ப்பது வேறு என்பதுதான் அவனுக்குப் பிரியவில்லை. “அரை இட்லியும் அரை இட்லியும் சேர்ந்தா எவ்வளவுடா?” என்றேன். “ஒரு இட்லி.” “உன் விதிப்படி போட்டுப் பாரு.” 2/4 என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. “அரைதான் வருது... தப்பாச்சே” என்று அவனே சொன்னான். மீ.சி.ம. பற்றிய பாடத்தை அவன் அன்றைக்குத்தான் உண்மையில் கேட்க ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? முறைசாரா மதிப்பீட்டில் அதிகம் விட்டுப்போகும் இடம் இது. சிலேட்டைத் தூக்கச் சொல்கிறோம், பத்துப் பேர் தப்பு என்று பார்க்கிறோம், “சரி, எல்லோரும் கவனிங்க” என்று அதே விளக்கத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறோம். முதல் தடவை போய்ச் சேராத விளக்கம் சத்தத்தால் போய்ச் சேராது. பெரும்பாலோர் தவறியிருந்தால் நிறுத்திவிட்டு வேறு வழியில் தொடங்க வேண்டும்: தசமத்துக்கு நூறு கட்டச் சதுரம், கழித்தலுக்குத் தீக்குச்சிக் கட்டு, பின்னத்துக்கு மடித்த காகிதம். நான்கைந்து பேர் மட்டும் என்றால், மற்றவர்களுக்குப் பயிற்சிக் கணக்கு கொடுத்துவிட்டு அவர்களோடு தரையில் உட்காரலாம். வகுப்பு பாதிக்குப் பாதியாகப் பிரிந்திருந்தால் அது பெரிய வாய்ப்பு. வேறு வேறு விடை எழுதிய இரண்டு பேரை ஜோடியாக உட்காரவைத்து, ஒருவரை ஒருவர் நம்பவைக்கச் சொல்லுங்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே நடந்தால், எந்தத் தேர்வும் சொல்லாததெல்லாம் தெரியவரும்.

இப்போது மதிப்பெண் விஷயம். தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறியில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. ஆண்டு இறுதியில் மூன்று மணி நேரத்தில் ஒரு பிள்ளையை அளப்பதைவிட ஆண்டு முழுக்கக் கவனிப்பது மேல் என்ற எண்ணம் மிக நல்ல எண்ணம். ஆனால் கவனிப்பதற்கு மதிப்பெண் வைத்தவுடன் அது பதிவேடாகிவிட்டது. எந்தச் செயல்பாட்டுக்கு எவ்வளவு என்று கட்டங்களை நிரப்புவதில் நேரம் போனதாக ஆசிரியர்கள் பலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள், நானும்தான். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பார்க்கச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த பெயர்கள். அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும் என்பது அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் அரும்பு என்று குறித்த பிள்ளையை டிசம்பரிலும் கேட்டுப் பார்க்காமல் அரும்பு என்றே வைத்திருந்தால், அதுவும் ஒரு மதிப்பெண்தான்.

மதிப்பெண் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டுகிறது. இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார்கள், சிலருக்கு வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு ஆர்வமும் கூடியது, அடுத்த வேலையும் நன்றாக வந்தது. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் கண்ணில் பட்டதும் குறிப்பு மறைந்துவிடுகிறது. எனவே ஒரு பிள்ளையின் யோசனையைக் கேட்கும் நேரத்தில் பேனாவை மூடிவையுங்கள். எண் போட்டால்தான் தேறும் என்ற நாட்களுக்கு வேறு தேர்வுகள் இருக்கவே இருக்கின்றன. நோட்டில் எழுதும் குறிப்பும் பிள்ளை ஏதாவது செய்யும்படி இருக்க வேண்டும். ‘கவனம் தேவை’ என்று எழுதினால் பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. ‘52-லிருந்து 18-ஐத் தீக்குச்சி வைத்துச் செய்து பார், 5-க்கு என்ன ஆகிறது?’ என்று எழுதினால் செய்ய முடியும்.

நாற்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிடம், பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம். இதில் எல்லோரிடமும் எப்படிப் பேசுவது என்ற கேள்வி நியாயமானது. ஒரே நாளில் எல்லோரிடமும் பேச முடியாது. நான் ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருந்தேன். நாளுக்கு மூன்று பேர் என்று முன்பே பெயர் குறித்துக்கொள்வேன். பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் அந்த மூவரின் பக்கத்தில் குந்தி, “இதை எனக்குச் சொல்லிக் கொடு பாப்போம்” என்பேன். கேட்டதை ஒரு வரி எழுதிக்கொள்வேன், பிள்ளையின் சொற்களிலேயே. மூன்று வாரத்தில் வகுப்பு ஒரு சுற்று முடிந்துவிடும். இப்படிப் பெயர் குறித்துக்கொள்ளாவிட்டால் நம் கால்கள் தாமாகவே முதல் இரண்டு பெஞ்சுகளைச் சுற்றித்தான் வரும். கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் தப்பாகவே போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, அடுத்த தேர்வுத்தாள் வரும்வரை நம் கண்ணில் படாது.

மணி அடிப்பதற்கு மூன்று நிமிடம் முன் ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு கணக்கு எழுதி வாங்குவதும் நல்ல பழக்கம். பெயர் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. அந்தத் தாள்களைச் சரி, தப்பு என்று அடுக்காமல், ஒரே மாதிரி யோசித்தவை என்று அடுக்க வேண்டும். நாற்பது தாளும் நான்கைந்து அடுக்குகளில் அடங்கிவிடும். மறுநாள் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது அந்த அடுக்குகளின் உயரத்திலேயே தெரியும்.

அந்த 0.4 பெண்ணுக்கு மறுநாள் இரண்டு நூறு கட்டச் சதுரங்கள் கொடுத்தேன். ஒன்றில் 0.73-க்கு வண்ணம் தீட்டினாள். இன்னொன்றில் 0.4-க்கு நான்கு கட்டங்களை மட்டும் தீட்டி, கையை நிறுத்தி, எண்ணிப் பார்த்து, அப்புறம் நான்கு முழு வரிசைகளைத் தீட்டினாள். “0.4-ன்னா நாப்பது கட்டமா மிஸ்?” என்றாள். “நீயே சொல்லு, எப்படி?” என்றேன்.